பட்டறைத் திண்ணை: நிற்கிற வண்டி ஏன் உறுமுகிறது?

போன இதழில் கியர் மாற்றுவது பற்றி எழுதியபோது ஓரமாக ஒரு வரி சேர்த்திருந்தேன்: “பஸ்ஸை ஓடவிட்டுவிட்டு டீ குடிக்கப் போகிற ஓட்டுநரைப் பார்த்தால், ஓய்வு பெற்ற பிறகும் எனக்குக் கை பரபரக்கிறது.” கியரை எல்லோரும் விட்டுவிட்டார்கள். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டார்கள். வந்த கடிதங்களில் பாதி ஓட்டுநர்களைத் திட்டுகின்றன. கால்வாசி என்னைத் திட்டுகின்றன. மீதியில் கேள்விகள் இருந்தன. இந்த முறை திண்ணை முழுவதும் அவற்றுக்குத்தான்.

கேள்வி: பஸ் நிலையத்தில் பூ விற்கிறேன். என் கூடைக்கு நேர் எதிரே பஸ்ஸின் பின்பக்கம் வந்து நிற்கும். கிளம்பப் பத்து நிமிடம் இருக்கும்போதே ஸ்டார்ட் செய்துவிடுவார்கள். புகையெல்லாம் என் முகத்தில்தான். “கொஞ்சம் நிறுத்துங்கள் அண்ணே” என்று ஒருவரிடம் கேட்டேன். “நிறுத்திவிடலாம், அப்புறம் நீ வந்து தள்ளுவாயா?” என்றார். இவர்களுக்கு இரக்கமே கிடையாதா ஐயா?
(பூக்கட்டும் வாசகி, திண்டுக்கல்)

பதில்: அம்மா, அவர் உங்களிடம் பேசிய விதம் தவறு. ஆனால் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதிக்குப் பொறுப்பு என்னைப் போன்ற பட்டறைக்காரர்கள்.

ஒரு பஸ்ஸுக்கு இரண்டு பேட்டரி. அதில் ஒன்று தளர்ந்தாலும் செல்ஃப் மோட்டார் முனகுமே தவிர சுற்றாது. நான் வேலை பார்த்த பணிமனையில் (எது என்று கேட்காதீர்கள்) புது பேட்டரி வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால், அது வருவதற்குள் ஒரு பொங்கல் வந்துவிடும். அதுவரை ஓட்டுநருக்கு நாங்கள் சொல்லுகிற யோசனை ஒன்றுதான்: “காலையில் தள்ளி ஸ்டார்ட் செய்து தருகிறோம். ராத்திரி திரும்பும்வரை ஆஃப் செய்துவிடாதே.” என் வாயாலேயே நூறு தடவை இதைச் சொல்லியிருக்கிறேன். அப்படி அனுப்பிய வண்டி ஆறு சிங்கிள் (ஒருவழி நடை) அடித்தால், ஆறு நிலையங்களிலும் பத்துப் பத்து நிமிடம் உங்களைப் போன்ற ஒருவரின் முகத்தில் ஊதிக்கொண்டு நிற்கும்.

எங்களிடம் ஓர் ஓட்டுநர் இருந்தார். நல்ல கைக்காரர். ஒரு திருவிழா நாளில், கூட்டத்தில் குழந்தை இருமுகிறதே என்று வண்டியை அணைத்தார். திரும்ப எடுக்கவில்லை. பயணிகள் தள்ளிப் பார்த்தார்கள். மேடு, நகரவில்லை. எல்லோரையும் இறக்கி வேறு வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். தாமதத்துக்கு அவருக்கு மெமோ வந்தது. பேட்டரிக்கு யாரும் மெமோ கொடுக்கவில்லை. பிறகு அவருக்குப் புத்தம் புது வண்டி கொடுத்தோம். அதையும் அவர் அணைக்கவே மாட்டார். சாப்பிடப் போகும்போதும் உறுமிக்கொண்டே இருக்கும். காரணம் கேட்டால் சிரிப்பார்.

இன்னொரு காரணம் ஏர். பஸ்ஸின் பிரேக் காற்றழுத்தத்தில் வேலை செய்கிறது. காற்றழுத்தம் காட்டுகிற மீட்டரின் முள் உரிய இடத்துக்கு ஏறாமல் வண்டியை நகர்த்தக் கூடாது. எங்கேயாவது கசிந்தால், என்ஜினை நிறுத்திய கொஞ்ச நேரத்தில் காற்று இறங்கிவிடும். மறுபடி ஏற்றச் சில நிமிடங்கள் ஆகும். கசிவு இல்லாத வண்டியில் காற்று மணிக்கணக்கில் நிற்கும் என்பது வேறு விஷயம். கசிவை அடைக்க வேண்டியதும் பட்டறைதான்.

மூன்றாவது காரணத்தைச் சொன்னால் பயணிகளுக்குக் கோபம் வரும். இரண்டு பஸ்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்று அமைதியாக இருக்கிறது, ஒன்று உறுமுகிறது. நீங்கள் எதில் ஏறுவீர்கள்? தனியார் பஸ்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அரை அடி முன்னே, அரை அடி பின்னே நகர்த்தி, ஆக்சிலேட்டரை மிதித்து, இதோ கிளம்பிவிட்டேன் என்று பத்து நிமிடம் நாடகம் ஆடுவார்கள். நாமும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் ஏறி, பிறகு உட்கார்ந்து விசிறிக்கொள்வோம். புறப்படும் நேரத்தை எழுதிய பலகையை நம்பாமல் சத்தத்தை நம்பி ஏறுகிற நம் பழக்கத்துக்கும் அந்தப் புகையில் பங்கு உண்டு.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? இரக்கத்தைத் தொட்டுப் பேசாதீர்கள். டீசலைத் தொட்டுப் பேசுங்கள். ஒருமுறை நான் வீம்புக்காக ஒரு பழைய பஸ்ஸின் டீசல் லைனைக் கழற்றி, ஒரு லிட்டர் பாட்டிலில் இணைத்து, சும்மா ஓடவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். இருபத்தேழு நிமிடத்தில் பாட்டில் காலி. அதே ஒரு லிட்டரில் அந்த வண்டி நாலரை கிலோமீட்டருக்கு மேல் போகும். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்கிற கே.எம்.பி.எல். கணக்கு பணிமனையில் ஓட்டுநருக்கு மதிப்பெண் அட்டை மாதிரி. குறைந்தால் கூப்பிட்டுக் கேட்பார்கள். அடுத்த முறை, “அண்ணே, பத்து நிமிடம் இப்படி நின்றால் கே.எம்.பி.எல். அடிபடாதா?” என்று கேட்டுப் பாருங்கள். பூக்காரிக்கு இது எப்படித் தெரியும் என்று திகைத்துப் போய்க்கூட நிறுத்திவிடுவார்.

அதுவரைக்கும் சைலன்ஸரின் வாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்துக் கூடையை எதிர்ப்பக்கம் நகர்த்துங்கள். 2012 ஜூனில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, டீசல் புகையை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் சேர்த்தது. புகையிலையும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கிற அதே பிரிவு. அந்தச் செய்தியை நான் பணிமனைக்குள் நின்று, கையில் டீயோடு படித்தேன். என் முதுகுக்குப் பின்னால் இரண்டு வண்டிகள் சும்மா ஓடிக்கொண்டிருந்தன. அன்றுவரை மாலையில் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வருவதை உழைப்பின் அடையாளம் என்று நினைத்திருந்தவன் நான்.

கேள்வி: எங்கள் வீடு ரயில்வே கேட்டை ஒட்டி இருக்கிறது. கேட் போட்டால் எட்டு நிமிடம் ஆகிறது. கார், வேன், பைக் எதையும் யாரும் அணைப்பதில்லை. ஜன்னலைத் திறக்க முடியவில்லை. “தயவுசெய்து என்ஜினை நிறுத்தவும்” என்று அட்டை எழுதி மாட்டினேன். மூன்றாம் நாள் அதன்மேல் கோச்சிங் சென்டர் விளம்பரம் ஒட்டிவிட்டார்கள்.
(ஓய்வு பெற்ற ஆசிரியர், கோவில்பட்டி)

பதில்: ஐயா, உங்கள் அட்டைக்கு இங்கிலாந்தில் ஓர் அண்ணன் இருக்கிறது. கேன்டர்பரி நகரத்துக்குள் ஒரு ரயில்வே கேட் உண்டு. அங்கேயும் இதே தொல்லை. கென்ட் பல்கலைக்கழகத்து உளவியல்காரர்கள் அங்கே விதவிதமான பலகைகளை வைத்து, எத்தனை பேர் அணைக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தார்கள். ஒரு பலகையில், யாரோ உற்றுப் பார்ப்பது போல இரண்டு கண்கள். நம் ஊர் லாரியில் திருஷ்டிக்கு வரைகிற கண் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றில் கண் கிடையாது. உங்களைப் பற்றி யோசியுங்கள், கேட் மூடியிருக்கும்போது என்ஜினை நிறுத்துங்கள் என்ற பொருளில் வாசகம் மட்டும். இரண்டாவதுதான் அதிகம் பேரை அணைக்க வைத்தது.

எனக்கு இதில் வியப்பு இல்லை. கேட்டில் நிற்பவனுக்குப் போலீஸ் பயம் கிடையாது. அவனுக்கு இருக்கிற பயமெல்லாம் பின்னால் நிற்கிறவன் ஹாரன் அடிப்பான் என்பது. கேட் தூக்கிய நொடியில் எதிர்ப்பக்கப் பாதையையும் அடைத்துக்கொண்டு நிற்கிற பைக் கூட்டம் தன்னை முந்திவிடும் என்பது. (இந்தக் கூட்டத்தைப் பற்றித் தனியாக ஒரு திண்ணை வைத்துத் திட்ட வேண்டும்.) ஆகவே “தயவுசெய்து” என்பதை எடுத்துவிடுங்கள். கணக்கு எழுதுங்கள். சாதாரண பெட்ரோல் கார் நின்றபடி ஓடினால் மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் குடிக்கும், ஏ.சி. போட்டால் ஒரு லிட்டரைத் தொடும். நடுவில் முக்கால் லிட்டர் என்று வைத்தால், எட்டு நிமிடத்துக்கு 100 மில்லி. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றால் கேட்டுக்குக் கொடுக்கிற மொய் 10 ரூபாய். போகும்போது 10, வரும்போது 10. “இந்தக் கேட்டில் நீங்கள் இப்போது எரிப்பது 10 ரூபாய்” என்று கொட்டை எழுத்தில் எழுதி, சுவரொட்டி ஒட்ட முடியாத உயரத்தில் மாட்டுங்கள்.

கேள்வி: அணைத்து அணைத்து ஸ்டார்ட் செய்தால்தான் பெட்ரோல் அதிகம் செலவாகும் என்று என் மாமனார் சொல்கிறார். அவரோடு வாதாட முடியவில்லை.
(மருமகன், ஈரோடு)

பதில்: மாமனார் எந்தக் காலத்து வண்டி ஓட்டினார் என்று கேளுங்கள். கார்புரேட்டர் வண்டிக்கு அவர் சொல்வது சரி. சோக்கை இழுத்து, நாலு மிதி மிதித்து, பெட்ரோல் அதிகமாகித் திணறி, ஒருவழியாக உயிர் வரும். இப்போது ஊசி முனையில் அளந்து பெட்ரோல் தெளிக்கிற வண்டிகள். அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகம் சோதித்துச் சொன்னது, நின்றபடி பத்து விநாடிக்கு மேல் ஓடினாலே திரும்ப ஸ்டார்ட் செய்வதைவிடச் செலவு அதிகம் என்று. நான் நம் ஊருக்கு முப்பது விநாடி என்று வைத்துக்கொள்கிறேன். செல்ஃப் மோட்டாரையும் பேட்டரியையும் கொஞ்சம் பார்க்க வேண்டுமே. சிக்னலில் இறங்குமுகமாக எண் ஓடுகிறதா? முப்பதுக்கு மேல் காட்டினால் அணையுங்கள். ஹீரோ நிறுவனம் 2014-லேயே தானாக அணைந்து, கிளட்சைப் பிடித்தால் தானாக எழுந்துகொள்கிற ஸ்ப்ளெண்டரை விற்கத் தொடங்கிவிட்டது. மாமனாரோடு வாதாடாதீர்கள். அப்படி ஒரு வண்டியில் பின்னால் உட்கார வைத்து ஈரோட்டுச் சிக்னல்களைச் சுற்றிக் காட்டுங்கள்.

கேள்வி: என் வண்டி பி.எஸ்.6. புகையே வராது. நான் ஏன் அணைக்க வேண்டும்?
(கார் உரிமையாளர், கோயம்புத்தூர்)

பதில்: கண்ணுக்குத் தெரியவில்லை என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பி.எஸ்.6 புகைக் கட்டுப்பாட்டு விதி நல்ல மாற்றம். டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்காக இருந்தது 10 ஆனது. டீசல் வண்டிகளில் கரித்தூளைப் பிடிக்க வடிகட்டி வந்தது. ஆனால் அந்த வடிகட்டி பிடித்த கரியைச் சுட்டுச் சாம்பலாக்க நல்ல சூடு வேண்டும், ஐந்நூறு டிகிரிக்கு மேல். சும்மா நிற்கிற என்ஜினின் புகைக்கு அந்தச் சூடு கிடையாது. கரி சேர்ந்துகொண்டே போய், ஒருநாள் மீட்டரில் மஞ்சள் விளக்கு எரியும். சர்வீஸ்காரர் பில்லை நீட்டுவார். புகையிலுள்ள நச்சு வாயுவைக் குறைக்க யூரியாக் கரைசல் ஊற்றுகிற வண்டியிலும் இதே கதைதான். குழாய் சூடாக இல்லாவிட்டால் அது தன் வேலையைச் சரியாகச் செய்யாது. உங்கள் வண்டி ஓடும்போது சுத்தம், நிற்கும்போது அத்தனை சுத்தம் இல்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு. டர்போ உள்ள வண்டியில் மேட்டுப்பாளையம் மலைப்பாதை ஏறி வந்து நிறுத்தினால், அரை நிமிடம், ஒரு நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிற அந்த டர்போவின் சக்கரம் நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றியிருக்கும். எண்ணெய் போய்க் குளிர வைக்கட்டும். அரை நிமிடம் என்றுதான் சொன்னேன். நண்பரோடு போன் பேசி முடிக்கும்வரை என்று சொல்லவில்லை.

கேள்வி: ஐயா, நான் கால் டாக்ஸி ஓட்டுகிறேன். மே மாதம், நாற்பது டிகிரி வெயில். வாடிக்கையாளருக்காக ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஏ.சி. இல்லாமல் உள்ளே உட்கார்ந்தால் வெந்துவிடுவேன். வெளியே நிழல் கிடையாது, கழிப்பறை கிடையாது. எங்களைத் திட்டி எழுத உங்களுக்குச் சுலபம்.
(ஓட்டுநர், வேலூர்)

பதில்: தம்பி, இந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்களைத் திட்டுவதற்கு என்னிடம் எதுவும் இல்லை. கார் நிறுத்த இடம் ஒதுக்குகிற மால்காரர்களும் மருத்துவமனைக்காரர்களும் திருமண மண்டபத்துக்காரர்களும், அந்தக் காரை ஓட்டி வந்தவர் உட்கார ஒரு பெஞ்சும் மேலே ஒரு தகரமும் போடுவதில்லை. மண்டபத்தில் ஆயிரம் பேருக்கு இலை போடுகிறார்கள். ஓட்டுநர்களைக் கடைசிப் பந்தி முடிந்து கூப்பிடுகிறார்கள். நிழல் இருக்கிற இடத்தில் எந்த ஓட்டுநரும் காருக்குள் உட்கார்ந்து பெட்ரோல் எரிப்பதை நான் பார்த்ததில்லை. வேப்ப மரத்தடியில் சீட்டாடுவார்கள். மரத்தை வெட்டிவிட்டு டைல்ஸ் போட்டவர்களிடம்தான் முதலில் கேட்க வேண்டும்.

ஆனால் ஒரு விஷயத்தில் கெஞ்சிக் கேட்கிறேன். கண்ணாடியை முழுக்க ஏற்றி, ஏ.சி. போட்டு, சீட்டைச் சாய்த்துத் தூங்காதீர்கள். சைலன்ஸரில் ஒரு ஓட்டை இருந்தாலோ, மூடிய பேஸ்மென்டில் நின்றாலோ கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு மணம் கிடையாது, நிறம் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்கு கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு தூக்கம். தூங்கிக்கொண்டிருப்பவருக்குத் தலைவலி எப்படித் தெரியும்?

கேள்வி: நின்றுகொண்டே என்ஜின் ஓடவிட்டால் அபராதம் போடச் சட்டம் இல்லையா? சிங்கப்பூரில் இருக்கிற என் மகன், அங்கே அணைத்தே ஆக வேண்டும் என்கிறான்.
(வாசகர், மன்னார்குடி)

பதில்: மகன் சொல்வது சரி. அங்கே போக்குவரத்தில் மாட்டி நிற்பது தவிர வேறு காரணத்துக்கு நிற்கிற வண்டியின் என்ஜின் ஓடக் கூடாது. ஹாங்காங்கில் 2011 டிசம்பர் 15 முதல் தனிச் சட்டமே உண்டு. ஒரு மணி நேரத்துக்குள் மூன்று நிமிடம்தான் ஓடலாம். மீறினால் 320 ஹாங்காங் டாலர். கடும் வெப்ப எச்சரிக்கை வந்த நாளில் விலக்கு உண்டு. அந்த விலக்கை அப்படியே வேலூருக்குக் கொண்டுவந்தால் சட்டம் மார்ச்சில் தூங்கப் போய் ஆடியில்தான் எழுந்திருக்கும். நியூயார்க்கில் இன்னும் வேடிக்கை: சும்மா ஓடிக்கொண்டு நிற்கிற லாரியை வீடியோ எடுத்து அனுப்புகிற குடிமகனுக்கு அபராதத்தில் கால் பங்கு கொடுக்கிறார்கள். நம் ஊரில் அப்படி அறிவித்தால் பஸ் நிலையத்தில் பயணிகளைவிட வீடியோ எடுப்பவர்கள் அதிகமாகிவிடுவார்கள்.

இங்கே புகை அளவு மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 190-ஆம் பிரிவில் 10,000 ரூபாய்வரை அபராதம் உண்டு. சும்மா ஓடவிடுவதைப் பற்றி யாரும் பேசாத பிரிவு ஒன்று இருக்கிறது: 126. பொது இடத்தில் வண்டி நிற்கும்போது, உரிமம் உள்ளவர் ஓட்டுநர் இருக்கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் என்ஜினை நிறுத்திப் பிரேக் போட்டிருக்க வேண்டும். வண்டி தானாக நகர்ந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதியது அது. ஆனால் டீக்கடையில் நிற்கிற ஓட்டுநருக்கும் உறுமுகிற அவர் பஸ்ஸுக்கும் அது கச்சிதமாகப் பொருந்துகிறது. டெல்லியில் 2020 அக்டோபரில் சிவப்பு விளக்கு விழுந்தால் வண்டியை அணையுங்கள் என்று அரசே ஓர் இயக்கம் நடத்தியது. தட்டி பிடித்தவர்கள் சாலையில் நின்றார்கள். அபராதம் இல்லை, வேண்டுகோள்தான்.

கேள்வி: பள்ளி வாசலில் மாலையில் இருபது வேன்கள், முப்பது கார்கள். பாதி ஓடிக்கொண்டே நிற்கும். என் பெண்ணுக்கு ஏழு வயது, வீசிங் உண்டு. வேன் அண்ணனிடம் சொன்னால் முகம் சுளிக்கிறார்.
(அம்மா, தாம்பரம்)

பதில்: உங்கள் பெண்ணின் உயரத்தில் குனிந்து ஒருமுறை நின்று பாருங்கள். சைலன்ஸர் வாய்க்கும் அவள் மூக்குக்கும் அதிக தூரம் இல்லை. உடல் எடைக்குக் கணக்குப் போட்டால் பெரியவர்களைவிடக் குழந்தைகள் இழுக்கிற காற்றும் அதிகம். வேன் அண்ணனிடம் தனியாகச் சொல்லாதீர்கள். குற்றம் சாட்டுவது போல ஆகிவிடும். நாலைந்து அம்மாக்கள் சேர்ந்து பள்ளியில் சொல்லுங்கள். வாசலில் நிற்கிற காவலாளி கையில் ஒரு தட்டி கொடுத்தால் போதும். கார்கள்தான் முதலில் அணைய வேண்டும், வேன்கள் பிறகு. ஏ.சி. காரில் வருகிறவர்களை விட்டுவிட்டு வேன்காரரைப் பிடித்தால் அவர் முகம் சுளிக்கத்தான் செய்வார்.

கேள்வி: ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறீர்களே, போன வாரம் நீங்கள் பழைய டி.வி.எஸ். 50-இல் நீலப்புகை விட்டுக்கொண்டு காய்கறிச் சந்தைக்குப் போனதை நான் பார்த்தேன்.
(பக்கத்துத் தெரு வாசகர்)

பதில்: பார்த்துவிட்டீர்களா? அது டூ ஸ்ட்ரோக் வண்டி. பெட்ரோலோடு எண்ணெயைக் கலந்து ஊற்ற வேண்டும். எரியாமல் ஒரு பகுதி அப்படியே வெளியே போகும். நின்றால் அணைத்துவிடுவேன் என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் அது என் நல்ல குணத்தால் அல்ல, நின்றால் அதுவே அணைந்துவிடும். பழைய இரும்புக்காரரிடம் பேசியாகிவிட்டது. 1,800 ரூபாய் தருகிறேன் என்கிறார். நான் 2,500 கேட்டிருக்கிறேன். என் மனைவி 1,500-க்கே தூக்கிக்கொண்டு போகச் சொல்கிறாள்.